.44 மேக்னம் என்று விற்கப்படும் பழைய வின்செஸ்டர் 1892: வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் ஓஹியோவில் மான் வேட்டைக்காகப் பழைய லீவர் ரைஃபிள் (விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டாவை மாற்றும் துப்பாக்கி) ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் வின்செஸ்டர் 1892 மாடலை .44 மேக்னம் தோட்டாவுக்கு மாற்றியிருப்பதாகக் கூறும் விளம்பரம் ஒன்றில் மனத்தைப் பறிகொடுத்திருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்பாக இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறொரு மாநிலத்திலுள்ள கடையிடமிருந்து 1,400 டாலருக்கு நான் வாங்கிய அத்தகைய துப்பாக்கி, விற்றவர் எழுத்துமூலம் உறுதியளித்தபடி இல்லாததோடு, சுடுகிறவரின் கண்ணுக்கே உலை வைக்கக்கூடிய நிலையிலும் இருந்தது.

கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் லீவர் ரைஃபிள்களுக்கு இன்றும் மவுசு குறையாததற்குக் காரணம் உண்டு. வின்செஸ்டர் 1873 மாடலுடன் வந்த .44-40 தோட்டாவுக்கு ஏற்ற ரிவால்வரைக் கோல்ட் நிறுவனமும் 1870களின் இறுதியில் செய்யத் தொடங்கியதால், இடுப்புக்கும் தோளுக்கும் ஒரே தோட்டாப் பை போதும் என்றானது. பின்னர் அதே தோட்டாவையும் சுடும்படி ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892 மாடல், சுடும்போது தோட்டாவின் பின்புறத்தை அடைத்துப் பிடிக்கும் இரண்டு செங்குத்தான பூட்டுக் கட்டைகளைக் கொண்டு, முன்னதைவிடச் சிறிதாகவும் மிக உறுதியாகவும் அமைந்தது. இவையெல்லாம் பழங்கதையாகவே இருந்திருக்கும். ஆனால் ஓஹியோ மாநிலம் 2014ஆம் ஆண்டு முதல், நேரான கூடுடைய (பித்தளைக் கூடு கழுத்தில் குறுகாத) தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்களை மான் வேட்டைக்கு அனுமதித்தது. .357 மேக்னமும் .44 மேக்னமும் அந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், லீவர் ரைஃபிள்களைத் தேடும் வேட்டைக்காரர்களுக்கு இங்கே குறைவில்லை.

இந்த இடத்தில் ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். .44 மேக்னம் தோட்டா வெளிவந்தது 1955ஆம் ஆண்டின் இறுதியில். அசல் 1892 மாடலின் உற்பத்தியோ இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே .44 மேக்னம் சுடும் 1892 என்று ஒன்று இருக்குமானால், அது பிரேசிலின் ரோஸி போன்ற நிறுவனங்களின் நகலாகவோ, ஜப்பானின் மிரோகு ஆலையில் பிரௌனிங், வின்செஸ்டர் பெயர்களில் செய்யப்பட்ட பிற்காலத் துப்பாக்கியாகவோ, அல்லது பழைய துப்பாக்கியை யாரோ ஒருவர் மாற்றியமைத்ததாகவோதான் இருக்க முடியும். முதல் இரண்டிலும் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதிலும் நேர்மையான வேலை உண்டு: பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதிய குழலைப் பொருத்துபவர்களும், துருவேறிய குழலைக் குடைந்து உள்ளே புதுக் குழாய் செருகுபவர்களும் இருக்கிறார்கள், கைதேர்ந்தவர் செய்திருந்தால் அவற்றைக் குறை சொல்வதற்கில்லை.

நான் வாங்கிய துப்பாக்கியைப் பற்றி அந்தக் கடை சொன்னதும் இதைத்தான். முதலாம் உலகப் போருக்கு முற்பட்ட கார்பைன் (குட்டைக் குழல் ரைஃபிள்) என்றும், குழல் மட்டும் புதிது என்றும் விளம்பரத்தில் கண்டிருந்தது. குழலின் முத்திரையைக் காட்டும் படத்தைக் கேட்டேன். “44 மேக்” என்ற எழுத்துகளை மட்டும் மிக அருகில் எடுத்த படம் வந்தது. தோட்டா அறை, அதாவது சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி, பழையதா புதியதா என்று கேட்டதற்கு, “குழல் முழுவதும் புதிதாக மாற்றப்பட்டது, கடையில் கிடைக்கும் எந்த .44 மேக்னம் தோட்டாவையும் தாராளமாகச் சுடலாம்” என்று மின்னஞ்சலில் பதில் எழுதினார்கள். சட்டப்படி துப்பாக்கி எங்கள் ஊரிலுள்ள உரிமம் பெற்ற கடைக்கு வந்து சேர, துப்பாக்கி வாங்குவோர் நிரப்ப வேண்டிய கூட்டரசின் 4473 படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனை முடித்து எடுத்துக்கொண்டேன். பணப் பட்டுவாடா கடன் அட்டையில் நடந்தது. பின்னால் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

(வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் உள்ளவர்கள் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்குவதையோ வைத்திருப்பதையோ கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. இரவல் வாங்கிச் சுடுவதற்கு முன்பும் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.)

சுடும் திடலில் .44 மேக்னம் அறையிலேயே சுடக்கூடிய, அழுத்தம் குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டாக்களைத்தான் முதலில் சுட்டுப் பார்த்தேன். வெளியே வந்து விழுந்த பித்தளைக் கூடுகளைக் கையிலெடுத்தபோதே சந்தேகம் தட்டியது. அடி விளிம்புக்குச் சற்று மேலே கூடு உப்பியிருந்தது. விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் அந்த மேட்டில் தட்டி நின்றது. பக்கவாட்டில் புகைக்கரி கோடுகோடாகப் படிந்திருந்தது. கூடு சுவரோடு ஒட்டி அறையை அடைத்திருந்தால் கரி அத்தனை கீழே இறங்கியிருக்காது. அழுத்தம் குறைவாக இருப்பதால் கூடு ஒழுங்காக அடைக்கவில்லையோ என்ற ஐயத்தில், கடை வாக்களித்திருந்த மேக்னம் தோட்டாவில் ஒன்றைச் சுட்டபோது லீவர் கீழே இறங்க மறுத்தது, கன்னத்தில் சூடான காற்று அறைந்தது. வலுவாக இழுத்துத் திறந்த பிறகு வெளிவந்த கூட்டில் நெடுக ஒரு விரிசல் ஓடியிருந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

துப்பாக்கி பழுதுபார்ப்பதில் நெடுநாள் அனுபவமுள்ள ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். அவர் செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கித் தோட்டா அறைக்குள் ஊற்றி வார்ப்பு எடுத்தார். கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைவான சூட்டிலேயே உருகிவிடும் அந்தக் கலவை, ஆறும்போது சற்றே சுருங்குவதால் எளிதில் வெளியே வந்துவிடுகிறது. பிறகு மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவை எட்டுகிறது. அந்த நேரம் பார்த்து அளந்து காட்டினார். .44-40 தோட்டாவின் கூடு அடியில் 0.471 அங்குலமும் கழுத்தில் 0.443 அங்குலமும் கொண்டது; .44 மேக்னம் கூடு மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ 0.457 அங்குலம். எங்கள் வார்ப்பின் அடிப்பகுதி .44-40 அளவிலும், கழுத்துப் பகுதி மட்டும் மேக்னம் அளவிலும் இருந்தன. அதாவது புதிய குழல் என்று ஒன்று வரவேயில்லை. பழைய குழலின் கழுத்தை மட்டும் துருவி அகலப்படுத்தி, மேக்னம் தோட்டா உள்ளே போகும்படி செய்திருக்கிறார்கள். அகலமான அடிப்பகுதியைக் குறுக்க எந்தத் துருவியாலும் முடியாது என்பதால், அங்கே மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான இடைவெளி அப்படியே நின்றுவிட்டது.

முத்திரையின் கதையும் அதே இடத்தில் வெளியாயிற்று. குழலின் மேல் இரும்பு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, “44 மேக்” என்ற எழுத்துகளுக்குக் கீழே குழல் லேசாகத் தட்டையாகத் தேய்ந்திருந்தது தெரிந்தது. அங்கிருந்த “.44 டபிள்யூ.சி.எஃப்.” என்ற பழைய முத்திரையை (.44-40 தோட்டாவுக்கு வின்செஸ்டர் வைத்த பெயர் அது) அரத்தால் ராவி, மறுபடி நீலப்பூச்சு ஏற்றி, புதிய எழுத்துகளைக் கையால் அடித்திருக்கிறார்கள். நெருக்கத்தில் எடுத்த படத்தில் எழுத்துகள் மட்டும் தெரிந்ததற்கு இதுவே விளக்கம்.

.44-40 தோட்டாவுக்கு வரையறுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு; .44 மேக்னத்துக்கு 36,000. 1892இன் பூட்டு வலிமையானது என்று விற்பவர்கள் சொல்வது பொய்யல்ல. ரோஸி நிறுவனம் இதே அமைப்பில், .44 மேக்னத்தைவிட அழுத்தம் மிகுந்த .454 கசுல் தோட்டாவுக்கும் ரைஃபிள் செய்திருக்கிறது. ஆனால் அது இக்கால எஃகில், சரியான அளவில் குடைந்த அறையோடு செய்யப்பட்டது. இங்கே மும்மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பது நூறாண்டு பழைய எஃகும், சுவரில் சாயாமல் நிற்கும் மெல்லிய பித்தளையும். மேலும் .44-40க்கான குழல்களின் உள்விட்டம் பெரும்பாலும் .44 மேக்னம் குண்டைவிடச் சற்றுக் குறுகலாக இருப்பதும் அழுத்தத்தை ஏற்றவே செய்யும்.

பழுதுபார்ப்பவரின் அறிக்கையை இணைத்துக் கடைக்கு எழுதினேன். நான் பயன்படுத்திய தோட்டாவில்தான் குறை என்றார்கள். பழைய துப்பாக்கிகள் எல்லாமே கூட்டை உப்ப வைக்கும் என்றார்கள். கடைசியில், பழைய பொருளை உள்ளது உள்ளபடியே விற்றோம், திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துக்கொண்டார்கள். “குழல் முழுவதும் புதிது” என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்த வாசகம் எப்படிப் பொருந்தும் என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதிலில்லை. அட்டை நிறுவனத்திடம் முறையிட்டேன். வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால், பதிவேட்டில் உள்ள வரிசை எண்களுக்கு அந்தத் துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்காக ஆலையை விட்டுப் புறப்பட்டது என்று கடிதம் தருகிறார்கள். .44-40 என்று வந்த அந்தக் கடிதமும், வார்ப்பின் அளவுகளும், அவர்களுடைய மின்னஞ்சலும் சேர்ந்தபோது துப்பாக்கியின் விலை திரும்பக் கிடைத்தது. உள்ளூர்க் கடைக்குக் கொடுத்த கட்டணமும், வார்ப்புச் செலவும், திருப்பி அனுப்பிய செலவும் போனது போனதுதான்.

துப்பாக்கியோடு அறிக்கையின் நகலையும் வைத்தே அனுப்பினேன். சில வாரங்களில் அதே கார்பைன், அதே .44 மேக்னம் என்ற பெயரில், மீண்டும் விற்பனைக்கு வந்துவிட்டது. விளம்பரத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: “அண்மையில் துப்பாக்கி நிபுணரால் பரிசோதிக்கப்பட்டது.” பொய் என்று சொல்ல முடியாத அந்த வரியை எழுதியவரின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அடையாளம் சொல்கிறேன்: வட்டக் குழல் கார்பைன், அடிக்கட்டையின் இடப்பக்கம் விரல் நீளத்துக்கு நிரப்பப்பட்ட ஒரு வெடிப்பு, குழலின் மேல் சற்றே சாய்ந்த “44 மேக்” எழுத்துகள். இதையோ இதைப் போன்ற வேறொன்றையோ பார்த்தால், தோட்டா அறையின் வார்ப்பை அடிப்பகுதியில் அளந்து எண்ணை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதோடு, முத்திரைக்கு முன்னும் பின்னும் குழல் தெரியும்படியான படத்தையும், சுட்ட கூட்டின் படத்தையும், பரிசோதித்துத் திருப்பி அனுப்பும் உரிமையையும் கேளுங்கள். அளவு 0.457க்குச் சற்று மேலே இருந்தால் மேற்கொண்டு பேசலாம். 0.471ஐத் தொட்டாலோ, அளந்து தர மறுத்தாலோ, அந்த விலைக்குப் புதிய ரோஸி ஒன்றை வாங்கிவிட்டுத் தோட்டாவுக்கும் மீதி வைத்துக்கொள்ளலாம்.