அறைக்கொரு காலண்டர், சேவைக்கொரு காலண்டர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் பயிற்சி மையத்தின் ஆன்லைன் முன்பதிவு முழுவதும் அறைவாரியாகவும் சேவைவாரியாகவும் பிரித்த காலண்டர்களில்தான் ஓடுகிறது. நடுவில் மடக்குத் தடுப்பு வைத்த ஒரு பெரிய ஹால், இரண்டு சிறிய அறைகள், ஆலோசனை தரும் ஒருவர், ஒலிப்பதிவு செய்து தரும் ஒருவர். இடமும் ஆட்களும் இவ்வளவுதான். வெளியே காட்டும் முன்பதிவுப் பக்கங்கள் இதைவிட அதிகம். சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது: காலண்டரைப் பிரிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். எந்தப் பக்கம் எந்தக் காலண்டரில் எழுதும், எவற்றையெல்லாம் பார்த்துவிட்டு நேரத்தைத் திறக்கும் என்று தீர்மானிப்பதுதான் பெரிய வேலை.

ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பை இழுத்து மூடினால் இரண்டு பாதி, திறந்தால் ஒரே கூடம். எனவே 'இடது பாதி', 'வலது பாதி', 'முழு ஹால்' என மூன்று பக்கங்கள். மூன்றுக்கும் மூன்று காலண்டர் திறந்து அப்படியே விட்டுவிட்டால், சனிக்கிழமை காலை 10 மணிக்கு இடது பாதியை ஒருவர் பிடித்த பிறகும் முழு ஹால் பக்கத்தில் அதே 10 மணி காலியாகவே நிற்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று முன்பதிவுக் கருவிக்கு (பதிவுகளை வாங்கும் மென்பொருளுக்கு) யாரும் சொல்லவில்லையே! நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது: ஒவ்வொரு பக்கமும் தன் சொந்தக் காலண்டரில் மட்டும் எழுதும். பார்ப்பது மட்டும் வேறுபடும். இடது பாதியின் பக்கம் தன்னையும் முழு ஹாலையும் பார்க்கும். வலது பாதியும் அப்படியே. முழு ஹால் பக்கம் மூன்றையும் பார்க்கும். மூன்றில் எதில் பதிவு விழுந்தாலும் மற்றவற்றில் மூட வேண்டிய நேரம் மட்டும் மூடும். இடது பாதி போனால் வலது பாதி திறந்தே இருக்கும்.

இதைச் செய்ய, எழுதும் காலண்டரையும் மோதல் (ஒரே நேரத்தில் இரண்டு பதிவு விழுவது) பார்க்கும் காலண்டர்களையும் பக்கம்வாரியாக மாற்ற முடிகிற கருவி வேண்டும். சில கருவிகளில் மோதல் பார்க்கும் பட்டியல் கணக்கு முழுவதற்கும் ஒன்றுதான். அங்கே ஒவ்வோர் அறையையும் ஓர் ஊழியரைப் போலத் தனி ஆளாகச் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வண்ணம், வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது இந்த ஓர் அமைப்பைத்தான்.

சேவைகளுக்கும் இதே கணக்கு. ஆலோசனைக்கு அறையும் வேண்டும், ஆலோசகரும் வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு காலண்டரையும் பார்த்தாக வேண்டும். 30 நிமிட ஆலோசனை, 60 நிமிட ஆலோசனை, தொடர் ஆலோசனை என்று பட்டியலில் மூன்று பெயர் இருக்கலாம்; உட்காரப் போகிறவர் ஒருவர்தானே? அவற்றுக்கு மூன்று காலண்டர் திறப்பதில் எந்தப் பயனும் இல்லை. மூன்று பக்கம், ஒரே காலண்டர். ஒரே நேரத்தில் இருவருக்குக் கொடுக்க முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு காலண்டர் என்று நினைத்துக்கொண்டால் எண்ணிக்கை தானாகக் கட்டுக்குள் வரும். எங்களிடம் ஒரே ஒரு ஒலிப்பதிவுக் கருவித் தொகுப்பு இருக்கிறது. அதுவும் இரண்டு அறைக்கும் பொது என்பதால் அதற்கும் தனிக் காலண்டர் வைத்திருக்கிறோம்.

அடுத்து, இடைவெளி நேரம். ஒரு குழு கிளம்பி, நாற்காலிகளை மாற்றிப் போட்டு, அடுத்த குழு உள்ளே வர 15 நிமிடமாவது வேண்டும். பெரும்பாலான கருவிகளில் பஃபர் என்று ஒரு வசதி இருக்கிறது. சில கருவிகளில் இந்த இடைவெளி அந்தப் பக்கத்தின் கணக்கில் மட்டும் இருக்கும், காலண்டரில் ஏறாது. அதே அறையைப் பயன்படுத்தும் இன்னொரு பக்கம் காலண்டரைப் பார்க்கும்போது 11 மணிக்கு நிகழ்வு முடிந்துவிட்டது என்றே நினைத்து 11 மணியைத் திறந்துவிடும். ஆகவே அறையைப் பகிரும் எல்லாப் பக்கங்களிலும் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு இடைவெளி வைத்திருக்கிறோம். இதைவிட நம்பகமான வழியும் உண்டு: வாடிக்கையாளருக்கு 60 நிமிடம் என்று காட்டிவிட்டு, காலண்டரில் 75 நிமிடத்தை அடைப்பது. கருவி அனுமதித்தால் இதையே செய்யுங்கள்.

தொடங்கும் நேரங்களைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை, வருமானம் கசிவது இங்கேதான். காலை 9 முதல் மதியம் 1 வரை ஓர் அறை திறந்திருக்கிறது, பதிவு 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் நான்கு பதிவுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அரைமணிக்கு ஒரு தொடக்கம் என்று திறந்து வைத்து, முதல் ஆள் 9.30ஐ எடுத்துவிட்டால், அதையும் சேர்த்து மொத்தம் மூன்றே பதிவுதான். 9 முதல் 9.30 வரை யாருக்கும் பயனில்லை, 12.30க்குப் பிறகும் அப்படியே. வெவ்வேறு நீளமுள்ள சேவைகள் ஒரே அறையில் நடந்தால் இந்தத் துண்டு நேரங்கள் இன்னும் பெருகும். நீளமான சேவையின் தொடக்க நேரங்களை முதலில் நிலையாக வைத்துவிட்டு, குறுகியவற்றை அவற்றுக்குள் பொருந்துகிறபடி அமைத்த பிறகு எங்கள் நாள் ஒழுங்காக நிரம்பத் தொடங்கியது.

விடுமுறை நாளை அடைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கூகுள் காலண்டரிலும் அவுட்லுக்கிலும் முழுநாள் நிகழ்வு போட்டால், அது பெரும்பாலும் 'ஃப்ரீ' என்ற நிலையில்தான் சேமிக்கப்படும். கண்ணுக்கு மேலே பட்டையாகத் தெரியும். முன்பதிவுக் கருவிக்கோ அந்த நாள் காலி. நிகழ்வைத் திறந்து 'பிஸி' என்று மாற்றினால்தான் பக்கம் மூடும். ஒவ்வொரு விடுமுறையையும் போட்டவுடன் வேறொரு பிரவுசரில் வாடிக்கையாளராக நுழைந்து, அந்தத் தேதி சாம்பல் நிறமாகிவிட்டதா என்று பார்க்கிறோம்.

இரவு தங்கும் அறைகளை வாடகைக்கு விடுபவர்களுக்கு இதில் இன்னொரு கூறு சேரும். காலண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐகாலண்டர் வடிவத்தில் (1998இல் வந்தது, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணமாகத் திருத்தப்பட்டது) முடிவுத் தேதி கணக்கில் சேராது. 10ஆம் தேதி தொடங்கி 13ஆம் தேதி முடிவு என்று எழுதியிருந்தால், அடைபட்டவை 10, 11, 12 மட்டும். இரவுக் கணக்குக்கு இது சரியாகப் பொருந்தும்: 13 காலை ஒருவர் கிளம்ப, அன்று மதியம் அடுத்தவர் வரலாம். அதே அறையைப் பகல் கூட்டங்களுக்கும் கொடுப்பதாக இருந்தால், 13 காலை திறந்திருப்பது சிக்கல். காலி செய்யும் நேரம் வரை தனியாக ஒரு நிகழ்வு போட்டு அடைத்தாக வேண்டும்.

பல தளங்களில் ஒரே அறையைப் பட்டியலிடுபவர்கள் ஐகால் இணைப்பை (ஐகாலண்டர் வடிவில் காலண்டரைப் பகிரும் முகவரியை) மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த இணைப்பு செய்தியைத் தள்ளிவிடாது. எதிர்ப்பக்கம் வந்து எடுத்துப்போகும்வரை காத்திருக்கும். இணைப்பு வழியே சேர்த்த காலண்டரில் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுள் காலண்டரின் உதவிப் பக்கமே சொல்கிறது. அந்த இடைவெளிக்குள் இரண்டு பேர் ஒரே அறையைப் பிடித்துவிட முடியும். நேரடியாகக் கணக்கை இணைக்கும் வழி இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு அன்றே வரும் பதிவுகளை ஒரே தளத்தில் மட்டும் திறந்து வையுங்கள்; மற்றவற்றில் குறைந்தபட்ச முன்னறிவிப்பு நேரத்தை ஒரு நாளுக்கு மேல் கூட்டிவிடுங்கள்.

ஐகால் இணைப்பைப் பகிரும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரகசிய முகவரி என்று காலண்டர் தரும் அந்த நீளமான இணைப்பை வைத்திருக்கும் எவரும் நிகழ்வின் தலைப்பு, குறிப்பு எல்லாவற்றையும் படிக்கலாம், கடவுச்சொல் கேட்காது. வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தலைப்பில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். ஆலோசனைக்கு வருபவர்களின் பெயர் வெளியே போவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. ஆகவே ஆலோசனைக் காலண்டரை மற்றவர்களுக்கு 'ஃப்ரீ / பிஸி மட்டும்' என்ற அளவில்தான் திறந்திருக்கிறோம். யாராவது பணியிலிருந்து விலகினால் அன்றே ரகசிய முகவரியை மாற்றிவிடுகிறோம்.

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால், தனித்தனிப் பக்கங்களில் ஒரு சிரமம் உண்மையாகவே உண்டு. '4 மணிக்கு ஏதாவது ஓர் அறை கிடைத்தால் போதும்' என்று வருபவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சிறிய அறைகள் இரண்டும் ஒரே மாதிரி என்பதால் அவற்றை ஒரே பக்கமாக்கி, காலியாக இருப்பதைக் கருவியே ஒதுக்கும்படி விட்டோம். வேர்ட்பிரஸ் தளங்களுக்கான முன்பதிவு நீட்சியான வூகாமர்ஸ் புக்கிங்ஸில் இப்படித் தானாக ஒதுக்கும் வசதி இருக்கிறது, வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும்படியும் வைக்கலாம். வந்து சேர்பவருக்கு எந்த அறை என்பது தெரிய வேண்டுமே, அதனால் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலின் தலைப்பில் முதல் சொல்லாக அறையின் பெயர் வரும்படி வார்ப்புருவை மாற்றியிருக்கிறோம்.

இன்றுவரை எனக்கு முழுத் திருப்தி தராதது, வாராவாரம் திரும்ப வரும் பதிவுகள். பல முன்பதிவுக் கருவிகள் ஒற்றைப் பதிவுக்காகவே கட்டப்பட்டவை. நிறுவன அளவிலான எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல், காலண்டர் அமைப்பு) அறைக் காலண்டரில்கூட இயல்பு அமைப்பு கறாரானது: தொடரில் ஒரு தேதி மோதினாலும் தொடர் முழுவதும் நிராகரிக்கப்படும், முன்கூட்டிப் பதிய முடிகிற காலம் 180 நாள், ஒரு பதிவின் அதிகபட்ச நீளம் 24 மணி நேரம். இவற்றை நிர்வாகியால் மாற்ற முடியும், ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் தொடர் வகுப்புகளை ஆன்லைன் பக்கத்தில் திறப்பதில்லை. பருவம் தொடங்குமுன் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தந்த அறையின் காலண்டரில் நாங்களே பதிந்துவிடுகிறோம். அதன் பிறகுதான் அந்த மாதங்களுக்கான பொதுப் பக்கங்களைத் திறக்கிறோம்.