சாரல் நாளில் மலையேற ஒய்பியா, ஒய்ஜியா?

மீட்டர் கேஜ் ரயிலில் நீராவிக் காலத்தில் வேலை பார்த்த நாலு பேர் திருநெல்வேலியில் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஒய்பி, ஒய்ஜி என்ற அந்த இரண்டு நீராவி எஞ்சினிலும் ஃபயர்மேனாக, அதாவது நெருப்பைக் கவனிக்கும் ஆளாக, நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே உள்ள மலைப்பாதைக்கு ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்றால், நான் யோசிக்காமல் ஒய்ஜியைத்தான் கேட்பேன்.

ஒய்பியின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இழுக்கும் சக்கரத்தின் விட்டம் 1372 மி.மீ. மணியாச்சிப் பக்கத்துச் சமவெளியில் பாசஞ்சர் வண்டியை அலுங்காமல் கொண்டுபோகும். ஒய்ஜி சரக்குக்கென்று செய்தது, சக்கரம் 1219 மி.மீ. வேகம் என்று பார்த்தால் ஒய்பிதான், அதில் விவாதமே இல்லை.

மலையில் கணக்கு வேறு. கரியும் தண்ணீரும் சுமக்கிற பின்பகுதியான டெண்டரை விட்டுவிட்டால் இரண்டுக்கும் அச்சு ஆறு ஆறுதான். ஒய்பியில் அதில் மூன்றுதான் இழுக்கும்; மீதி மூன்றும் எடையைச் சுமந்துகொண்டு சும்மா உருளும். ஒய்ஜியில் நான்கு இழுக்கும். அச்சுக்குப் பத்து டன் என்று தோராயமாக வைத்தால், தண்டவாளத்தைப் பிடிக்கிற எடை ஒன்றில் 30 டன், மற்றதில் 40 டன். காய்ந்த தண்டவாளத்தில் அந்த எடையில் ஏறக்குறைய கால்பங்கு அளவுக்கு இழுவை கிடைக்கும்: ஏழரை டன், பத்து டன். ஈரத்தில் அது ஐந்தில் ஒரு பங்காக இறங்கினால் 6 டன், 8 டன். இப்போது எஞ்சினோடு சேர்த்து 250 டன் வண்டி, 40-க்கு 1 ஏற்றம் (40 அடி போனால் 1 அடி உயரும்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கு மட்டுமே ஆறேகால் டன் இழுவை வேண்டும். ஈரத்தில் ஒய்பி அங்கேயே தோற்றுவிடுகிறது. பாய்லரில் எவ்வளவு நீராவி இருந்தும் பயனில்லை.

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊரே கொண்டாடும். எங்களுக்கு அந்தச் சாரல்தான் எதிரி. கொட்டுகிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். பொசுபொசுவென்று விழும் சாரலோ, நசுங்கிய இலைச் சாற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் குழைத்து மேலே பூசிவிடும். அதில் சக்கரம் வழுக்கினால், நிதானமாக வந்துகொண்டிருந்த புகைபோக்கிச் சத்தம் சட்டென்று படபடவென்று மாறும். வண்டி நகராது, சக்கரம் மட்டும் சுற்றும். அந்தக் காற்றிழுப்பில் ஃபயர்பாக்ஸில் பரப்பி வைத்த நெருப்பு பிய்ந்து, புகைபோக்கி வழியே தணலாகப் பறக்கும். உடனே நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூட வேண்டும். பிடிப்புக்காகப் போடும் மணலைச் சுற்றுகிற சக்கரத்துக்கு அடியில் கொட்டினால் திடீரென்று பிடித்து, சக்கரத்தைச் சுற்றவைக்கும் ராடு வளைந்துவிடும்; சுற்று நின்ற பிறகுதான் மணல், அப்புறம் மெதுவாக ரெகுலேட்டர்.

மணலை நம்பி ஒய்பியை ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம், மணல் காய்ந்திருந்தால். ஷெட்டில் வறுத்து நிரப்பிய மணல் சாரலில் ஈரம் ஏறிக் குழாயில் கட்டியாகிவிடும். நடுவழியில் இறங்கிச் சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டு நின்ற ஃபயர்மேன்களுக்கு அதன் அருமை தெரியும். ஒய்ஜிக்கும் மணல் வேண்டும், ஆனால் அதை நம்பியே ஏற வேண்டியதில்லை.

ஒய்ஜியிடம் குறை இல்லாமலில்லை. இழுக்கும் அச்சு நான்கு என்பதால் நெருங்கிய வளைவுகளில் சக்கர விளிம்பு உரசும், தேய்மானம் கூடும். ஷெட் ஃபிட்டர்களுக்கு அது கூடுதல் வேலை. மலைப்பாதைக்கு அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பின்னால் வந்த ஒய்டிஎம்-4 டீசலை இந்தச் சண்டையில் சேர்ப்பது நியாயமில்லை. 72 டன், ஆறு அச்சும் இழுக்கும். நீராவி எஞ்சினைப் போல ஒவ்வொரு சுற்றிலும் இழுவை ஏறி இறங்காது. எனக்கு அதில் பழக்கம் குறைவு, அதனால் சாரலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதை ஓட்டியவர்கள்தான் சொல்ல வேண்டும்.