சாக்கெட்டில் மாட்டும் காத்துப் பம்பு: மதுரை வெயிலுக்கும் கருவேல முள்ளுக்கும் தாங்குமா?

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்புகள் சுமார் ரூ.1,500-லிருந்து ரூ.3,500 வரை கிடைக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த பெட்டி நாலு பெயரில், நாலு விலையில் வருவதால் கம்பெனி பார்த்து மார்க் போடுவதில் அர்த்தமில்லை. ஒற்றை சிலிண்டர், சுமார் 120 வாட் மோட்டார், டிஜிட்டல் மீட்டர், வைத்த அளவு வந்ததும் தானாக நிற்கும் வசதி: இந்த வகையைத்தான் இங்கே பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். ஆனால் பஞ்சரானால் காப்பாற்றும் என்று நினைத்து வாங்குகிறவர்களே அதிகம். அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று இருக்கிறது: காலையில் வீட்டு வாசலிலேயே, டயர் சூடேறுவதற்கு முன்னால் காற்றை அளக்க முடிகிறது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று சொன்னால், அது ஆறிய டயருக்கான அளவு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அதுவும் வெயிலில் அல்ல. விடியற்காலை 28 டிகிரியில் 33 வைத்துக் கிளம்புகிறீர்கள். விருதுநகர் போய்த் திரும்பி, நான்குவழிச் சாலையில் திருமங்கலம் தாண்டி வரும்போது டயருக்குள் இருக்கும் காற்று 58 டிகிரியைத் தொட்டிருந்தால், அதே காற்று மீட்டரில் கிட்டத்தட்ட 38 காட்டும். ஒரு சொட்டுக் காற்றுகூட யாரும் ஏற்றவில்லை. அந்த நேரத்தில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் என்ன நடக்கும்?

“அண்ணே, முப்பத்தெட்டு இருக்கு. இறக்கி முப்பத்திமூணு வைக்கவா?”

“வைங்க தம்பி.”

மறுநாள் காலையில் ஆறிய டயரில் 29-கூட இருக்காது. ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது, ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். ஆனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. டயரின் இரண்டு ஓரமும் சீக்கிரம் தேய்கின்றன, பெட்ரோல் கூடக் குடிக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் முழு லோடோடு நெடுந்தூரம் போகிற வண்டியில் டயர் வெடிப்பதற்கு, காற்று அதிகமாக இருப்பதைவிடக் குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். வெயில் காலம் என்று காற்றைக் குறைத்து வைக்கும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. சூடான டயரில் ஸ்டிக்கர் அளவைவிட நாலைந்து கூடுதலாகக் காட்டினால் அப்படியே விடுங்கள். சூட்டிலேயே ஸ்டிக்கர் அளவைவிடக் குறைவாகக் காட்டினால்தான் கவலை: அந்த டயரில் எங்கோ கசிகிறது.

ஸ்டிக்கரில் சில வண்டிகளுக்கு இரண்டு வரிசை இருக்கும். ஒன்று ஓரிரண்டு பேர் போகும்போது, இன்னொன்று முழு லோடுக்கு. குலசாமி கோயிலுக்கு அஞ்சு பேரும் டிக்கி நிறைய அண்டா குண்டாவுமாகப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வரிசை. பின் டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடுவது சகஜம். டயரின் பக்கச்சுவரில் 44 அல்லது 51 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அந்த அளவுக்கு அடிப்பவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

பம்புக்கு வருவோம். பெட்டியில் பெரிய எழுத்தில் ‘150 பிஎஸ்ஐ’ என்று போட்டிருப்பார்கள். கார் டயருக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை, அந்த எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தருகிறது என்பதைப் பாருங்கள். 30-லிருந்து 35 லிட்டர் இருந்தால் போதும். சின்னக் கார்களுக்கு வரும் 175/65 ஆர்14 அளவு டயரில் 25-லிருந்து 33-க்கு ஏற்ற ஒன்றரை நிமிடம் போல ஆகும். சுத்தமாக இறங்கிய டயர் என்றால் நாலைந்து நிமிடம். எஸ்யூவி டயருக்கு ஏறக்குறைய இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 10 முதல் 15 நிமிடம் ஓட்டினால் அதே அளவு நேரம் ஓய்வு கொடுக்கச் சொல்லி மேனுவலில் இருக்கும். நாலு டயருக்கும் லேசாக ஏற்றுவதில் அந்த எல்லை வராது. நாலும் காலியாகக் கிடக்கும் பழைய வண்டியை எழுப்பப் பார்த்தால்தான் பிஸ்டன் ரிங் தீய்ந்து பம்பு செத்துப்போகும்.

உபயோகிக்கும் முறையில் சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. இன்ஜினை ஓடவிட்டுத்தான் பம்பைப் போட வேண்டும், இல்லையென்றால் பலவீனமான பேட்டரி மேலும் இறங்கும். மூடிய கார் ஷெட்டுக்குள் அப்படிச் செய்யக்கூடாது, வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஒயரைக் கதவிடுக்கில் நசுக்காமல் ஜன்னல் வழியாக வெளியே எடுங்கள். முதலில் மோட்டாரைப் போடாமல் குழாயை மட்டும் வால்வில் மாட்டி, இருக்கிற அளவைப் படியுங்கள். நாலு டயரின் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பிறகு அடிப்பது நல்லது. மூன்று டயர் 31, ஒன்று மட்டும் 24 என்றால் அந்த ஒன்றில் முள்ளோ ஆணியோ இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 33 ஆக்கிவிட்டால் அந்தத் தகவல் போச்சு.

ஓடும்போது மீட்டர் காட்டும் அளவும் நின்ற பிறகு காட்டும் அளவும் பல பம்புகளில் ஒன்றாக இருக்காது. குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தையும் சேர்த்துப் படிப்பதால் ஓடும்போது ஒன்றிரண்டு கூடக் காட்டும். 33 என்று வைத்தால் நின்றதும் 32 ஆகிவிடுவது இதனால்தான். திருகி மாட்டும் முனை என்றால் கழற்றும்போதும் புஸ்ஸென்று கொஞ்சம் போகும். ஆகவே ஒன்று கூடுதலாக 34 வைத்து, கழற்றி, தனி மீட்டரில் சரிபாருங்கள். ரூ.300-க்கும் குறைவாகக் கிடைக்கும் பேனா மாதிரியான மீட்டர் போதும். இந்த விலைப் பம்புகளின் மீட்டர் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தப்பாக இருப்பது சாதாரணம். எவ்வளவு தப்பு என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அந்தத் தப்பு மாறாமல் இருக்கும், கழித்துக்கொள்ளலாம்.

குறைகளில் முதலாவது அந்தப் பித்தளை முனை. மூன்று நிமிடம் ஓடினாலே கை வைக்க முடியாத அளவு சுடும். துணியோ கையுறையோ இல்லாமல் தொடாதீர்கள். லீவரை மடக்கி மாட்டும் முனையில் இந்தத் தொல்லை குறைவு, காற்றும் வீணாகாது. ஆனால் அதன் உள் ரப்பர் சீக்கிரம் தேய்ந்து ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும். இரண்டில் எது என்றால் திருகு முனைதான். இரண்டாவது ஒயர் நீளம். 3 மீட்டர் ஒயர் ஹாட்ச்பேக் வண்டிக்கு எட்டும். டிக்கி நீண்ட செடானில் பின் டயருக்கு இழுத்துப் பிடிக்கும், 3.5 மீட்டராவது இருக்கட்டும். மூன்றாவது சத்தம். விடிகாலை ஐந்தரைக்கு வாசலில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துவிடுவார்.

திடீரென்று பம்பு உயிரே இல்லாமல் கிடந்தால் பழுதென்று தூக்கிப் போட வேண்டாம். செருகும் முனையைத் திருகினால் உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். ஸ்பிரிங் தெறித்து ஓடும், பார்த்துக் கழற்றுங்கள். அது நன்றாக இருந்தால் காரின் ஃபியூஸ் பெட்டியில் சாக்கெட்டுக்கான ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். 15 போன இடத்தில் 30 போடுவதும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவதும் ஒயரைத் தீப்பிடிக்க வைக்கிற வேலை. சாக்கெட் மூடியில் ‘120 வாட்’ என்று எழுதியிருந்தால் 10 ஆம்பியர்தான் தாங்கும். இரட்டை சிலிண்டர் பம்புகள் அதைவிட அதிகம் இழுக்கும், அவற்றை பேட்டரியில் கிளிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இனி முள். மதுரையை விட்டு அருப்புக்கோட்டை, மானாமதுரை, உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் இறங்கினாலும் சீமைக் கருவேலம் நிற்கிறது. கோயிலுக்கும் தோட்டத்துக்கும் போகும் மண்பாதையில், வெட்டிப்போட்ட கிளையிலிருந்து சிதறிய முள் ஒரே டயரில் நாலைந்து இறங்கும். முனை உள்ளே இருக்க, வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒடிந்துவிடும். தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. ஓட்டை ஊசி பருமன்தான் என்பதால் டியூப்லெஸ் டயர் உடனே இறங்காது, ஒரு நாளைக்கு நாலைந்து பிஎஸ்ஐ என்று மெதுவாக இறங்கும். இந்த மெதுக் கசிவுக்குத்தான் பம்பு தெய்வம் மாதிரி. முள் கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த இடத்தில் பிடுங்காதீர்கள். அதுவேதான் அடைப்பு. 35 வரை காற்றடித்து, வேகத்தை 60-க்குள் வைத்து, ஊர் வந்து சேருங்கள். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றி உட்புறம் துணியால் துடைத்தால் ஒடிந்த முனைகள் எல்லாம் துணியில் மாட்டும்.

பம்போடு சேர்த்து விற்கும் பஞ்சர் கிட் எல்லா ஓட்டைக்கும் ஆகும் என்பதில் இங்கே ஒரு கருத்து வேறுபாடு. ஆணிக்கு அது நல்ல மருந்து. ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக் கட்டிங் பிளேயரால் இழுத்து, அதே சாய்வில் அரம் போன்ற கம்பியைப் பதினைந்து தடவையாவது விட்டு எடுத்து, பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெளியே நிற்கும் அளவுக்குக் குத்தி, ஊசியை ஒரே வெடுக்கில் இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். மிச்சத்தை வெட்டி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழ் வருகிறதா பாருங்கள். ஆனால் ஊசி பருமன் முள் ஓட்டைக்கு இதே வைத்தியம் செய்தால், ஒரு மில்லிமீட்டர் ஓட்டையை நீங்களே அரம் விட்டு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆக்குகிறீர்கள். அங்கே உள்ளிருந்து ஒட்டும் பேட்ச்தான் சரி. நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் வண்டிக்குத் திரி போட்ட டயரையும் பிறகு கழற்றி, காளான் மாதிரி இருக்கும் பேட்ச் உள்ளிருந்து போட்டுவிடுவது உத்தமம். பக்கச்சுவரிலோ தோளிலோ (தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) ஓட்டை என்றால் பம்பும் கிட்டும் ஒன்றும் செய்யாது. இறங்கிய டயரிலேயே ஒரு கிலோமீட்டர் உருட்டி வந்துவிட்டாலும் அதே கதைதான். கழற்றும்போது உள்ளே கறுப்பு ரப்பர் தூள் கொட்டினால் பக்கச்சுவர் அரைபட்டுவிட்டது, அந்த டயரைத் தேற்ற முடியாது.

ஓட்டையை அடைக்க டின்னில் வரும் திரவத்தை இன்னொரு வழியாகச் சொல்வார்கள். ஓடும்போது வீல் நடுங்கும், பேட்ச் போடுகிறவர் அந்தக் கொழகொழப்பைத் துடைத்தே ஓய்ந்துபோவார். வேறு வழியே இல்லாதபோது மட்டும் போதும்.

ஸ்டெப்னி இல்லாத வண்டிகளுக்குப் பம்பு கட்டாயம். டயர் காற்றைக் கண்காணிக்கும் சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் டியூப்லெஸ் டயர் கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-இல் விதி மாறியது. அப்படிப்பட்ட வண்டிகளில் கம்பெனியே ஒரு பம்பைத் தந்திருக்கும், ஒருமுறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஸ்டெப்னி உள்ள வண்டியில் அதற்கும் மாதம் ஒருமுறை காற்றடியுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்கு 60 பிஎஸ்ஐ, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. மதுரை நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் மேல் டயர் இறங்கினால் ஓரம் கட்ட இடம் தேடுவதே பாடு. பம்பை எடுப்பதற்கு முன்னால் நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையை 50 மீட்டர் பின்னால் வைத்துவிட்டு, போக்குவரத்துக்கு முதுகைக் காட்டாமல் வேலை பாருங்கள். வலப்பக்க டயர் என்றால் மெதுவாகப் பாலத்தின் முடிவு வரை உருட்டிக்கொண்டு போங்கள். டயர் போனால் போகட்டும்.

கடைசியாக, ஒயர் இல்லாத சார்ஜ் பம்பு வாங்கலாமா என்ற கேள்வி. கையடக்கமானது, சத்தம் குறைவு, ஸ்கூட்டருக்கும் ஆகும். வீட்டுக்குள் வைத்துக்கொள்வதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். காருக்குள் போட்டுவைக்கத்தான் என்றால் வேண்டாம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது, சுமார் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. மே மாதம் மாட்டுத்தாவணியில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்த 60-ஐ எளிதாகத் தாண்டும். பேட்டரி உப்பும், சார்ஜ் நிற்காது, தேவைப்படும் நாளில் இரண்டு நிமிடம் ஓடி அணைந்துவிடும். ஒயர் பம்புக்கு அந்தக் கவலை இல்லை, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். ரப்பர் குழாயை மட்டும் மடக்கிச் சொருகாமல் வட்டமாகச் சுற்றி வையுங்கள், வெயிலில் மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.