ஒரே எழுத்துக் கூட்டுடைய ஆங்கிலச் சொற்கள்: 5 ஆண்டுகளும் 3 சீ.ஆர். கொப்பிகளும்

திருகோணமலையில் மீன்பிடி உபகரணங்கள் விற்கும் ஒரு கடையில் கணக்கெழுதும் எனக்கு, ஆங்கிலம் பெரும்பாலும் விலைச்சிட்டைகளிலும் பெட்டிகளின் மேல் ஒட்டிய துண்டுகளிலும் வந்து சேரும் மொழி. 2020 ஊரடங்கின்போது தரம் 6 இல் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு வீட்டிலேயே சொற்களைப் பழக்க வேண்டி வந்ததால், அகரவரிசையைக் கைவிட்டு, ஒரே எழுத்துக் கூட்டைக் கொண்ட சொற்களை ஒரு பக்கத்தில் பொருளோடு சேர்த்து எழுதும் முறையைத் தொடங்கினேன். இப்போது அவள் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்கு வந்துவிட்டாள்; தடித்த அட்டை போட்ட பெரிய குறிப்பேடுகளான சீ.ஆர். கொப்பிகள் மூன்று நிறைந்துவிட்டன. 2022 இல் காகிதத் தட்டுப்பாட்டால் கொப்பி விலை எட்டாத உயரத்துக்குப் போன மாதங்களில், கடையின் பழைய பற்றுச்சீட்டுகளின் பின்புறத்தில் எழுதித் தைத்துக்கொண்டோம்.

முதற்பக்கம் கே, என் என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்கு உரியது. முடிச்சைக் குறிக்கும் நொட், விரற்கணுவைக் குறிக்கும் நக்கிள், கதவுக் குமிழான நொப், மாவைப் பிசைவதைக் குறிக்கும் நீட் ஆகியவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியபோது, அவற்றுள் பல திரண்டு புடைத்த ஒன்றையோ திரட்டும் செயலையோ குறிப்பதை மகளே கண்டுபிடித்தாள். முதலில் நிற்கும் கே ஏன் ஒலிப்பதில்லை என்ற அவளுடைய கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் எனக்கு இந்த முறையில் உண்மையான பிடிப்பு ஏற்பட்டது. பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே ஒலித்தது. ஏறத்தாழ 17 ஆம் நூற்றாண்டில்தான் வாயிலிருந்து நழுவியது. ஆங்கிலத்தில் இப்போது நீ என்று ஒலிக்கும் முழங்காலை ஜெர்மானியர் இன்றைக்கும் க்னீ என்றே சொல்கிறார்கள். அதே முழங்கால் வடமொழியில் ஜானு. முழங்கால் வரை நீண்ட கையுடையவரை ஆஜானுபாகு என்று நாம் சொல்லும்போது அந்த ஜானு நம் நாவிலும் வந்து போகிறது. அறிதலைக் குறிக்கும் நோ என்ற சொல்லும் வடமொழி ஜ்ஞானமும் ஒரே வேரின் கிளைகள். ஆங்கிலம் ஒலியை இழந்த பின்னும் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது; தமிழோ ஒலிக்காததை எழுதுவானேன் என்று ஜகரத்தை விட்டுவிட்டு ஞானம் என்று எழுதிக்கொண்டது. வைத்தியரின் டயக்னோசிஸில் அந்தப் பழைய மெய் ஜீ எழுத்தாக நின்று இன்னும் ஒலிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிய பிறகு, மகள் இந்தச் சொற்களில் கே எழுத்தை விட்டு எழுதியதே இல்லை.

கடைக்கு நேரடியாக உதவியது டீ, டபிள்யூ பக்கம். இரண்டைக் குறிக்கும் டூ என்ற சொல்லின் நடுவில் ஒலிக்காத டபிள்யூ ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பது, இரட்டையரான ட்வின், இருமுறையான ட்வைஸ், இரண்டுக்கு நடுவிலான பிட்வீன் ஆகியவற்றை அருகே வைத்தவுடன் விளங்கிவிடுகிறது. வலை பொத்த நாங்கள் கட்டுக்கட்டாக விற்கும் ட்வைன் நூலும் இந்தக் குடும்பமே. இரண்டு புரிகளை முறுக்கிய நூல் என்பதுதான் அதன் முதற்பொருள். டபிள்யூ, ஆர் பக்கமும் இதுபோன்றதே: மணிக்கட்டான ரிஸ்ட், திருகும் கருவியான ரெஞ்ச், பிழிவதைக் குறிக்கும் ரிங் எல்லாம் திரும்புவதோடும் முறுக்குவதோடும் தொடர்புடையவை. எழுதுவதைக் குறிக்கும் ரைட் மட்டும் வேறு வழியில், கீறுவது என்ற பொருளிலிருந்து வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓ, யூ, ஜீ, எச் என்ற நான்கெழுத்துக் கூட்டுக்கு ஒரு முழுப் பக்கத்தை வீணாக்கினேன். தோ, த்ரூ, டஃப், கொஃப் என்று அது சொல்லுக்குச் சொல் குரலை மாற்றிக்கொள்கிறது, பொருளிலும் உறவில்லை. எழுத்து மட்டும் ஒத்துப் பொருள் ஒட்டாத பட்டியலைச் சேர்த்து எழுதினாலும் தனித்தனியாகத்தான் மனனம் செய்ய வேண்டியிருக்கிறது.

அதைவிட ஆபத்தானது, பொருள் ஒட்டுவதுபோலத் தோன்றி ஏமாற்றும் இடம். ஐ, என் என்ற முன்னொட்டு எதிர்மறையைக் குறிக்கும் என்று இன்விசிபிள், இன்கரெக்ட் ஆகியவற்றை வைத்து எழுதியிருந்தேன். ஒருநாள் தின்னர் தகரங்கள் வந்தபோது, அவற்றில் இன்ஃப்ளேமபிள் என்றிருந்ததைப் பார்த்து, தீப்பற்றாத சரக்கு என்று எண்ணி, தேநீர் அடுப்பிருந்த மூலையில் அடுக்கச் சொன்னேன். பாரவண்டி ஓட்டி வந்தவர், "அண்ணை, இது பெற்றோல் மாதிரிப் பத்தும், அங்கால எடுங்கோ" என்று கத்தியதால் தப்பினோம். அச்சொல்லில் உள்ள முன்னொட்டு இலத்தீனில் உள்ளே என்ற பொருளைத் தருவது. தீயை மூட்டுதல் என்ற வினையிலிருந்து வந்ததால் அதன் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இப்போது பல தகரங்களில் ஃப்ளேமபிள் என்று மட்டும் அச்சிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைச் சிவப்புப் பேனையால் சுற்றி வைத்திருக்கிறேன்.

பேச்சுக்கு இந்த முறை அதிகம் உதவுவதில்லை. நிலாவெளிக்கு வரும் வெளிநாட்டவர் புறாத்தீவுக்குப் படகு கேட்டு நிற்கும்போது, ஐலண்ட் என்ற சொல்லில் இருக்கும் ஒலிக்காத எஸ் இலத்தீன் சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தில் புகுத்தப்பட்டது என்ற அறிவு எனக்கு வாயைத் திறந்து தரவில்லை. எழுத்துக்கூட்டலுக்கும் அறியாத சொல்லின் பொருளை ஊகிப்பதற்கும் இது உதவும். உரையாடலுக்கு வேறு பயிற்சி வேண்டும். கைத்தொலைபேசிச் செயலிகளையும் சில மாதங்கள் பார்த்தோம். அவை தரும் சொற்கள் மறுநாளே மறந்துபோயின, கையால் எழுதியவை மறக்கவில்லை.

மூன்றாவது கொப்பியின் கடைசிப் பக்கம் சீ, ஏ, டீ என்று தொடங்கும் சொற்களுக்கு. கட்டலொக், கட்டாஸ்ட்ரஃபி ஆகியவற்றின் தொடக்கம் கீழ்நோக்கி என்ற பொருளுடைய கிரேக்க முன்னொட்டு என்று எழுதிய மகள், அவற்றின் கீழே கட்டமரனையும் சேர்த்துவிட்டாள். கடைக்கு வந்த முதிய சம்மாட்டி ஒருவர், மீன்பிடிப் படகுகளின் சொந்தக்காரர், கொப்பியை எட்டிப் பார்த்து, அவள் உரக்க வாசித்ததைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, அது எங்கட கட்டுமரம் எல்லோ, அதை ஏன் அவையளோட கட்டி வைச்சிருக்கிறாய்?" என்றார். அவள் அந்த வரியை வெட்டிவிட்டு, நான்காவது கொப்பியின் முதற்பக்கத்தில் கட்டமரனைத் தனியாக எழுதி, அதன் கீழே சுருட்டிலிருந்து போன செரூட்டையும், மிளகுத்தண்ணீரிலிருந்து போன முல்லிகட்டோனியையும் சேர்த்திருக்கிறாள்.