பாங்காக்கில் ஒரு பகல் சுற்றப் போகிறீர்களா? 28,000 பாத் பறிகொடுத்தவன் சொல்கிறேன்

ஊர் வந்து நான்கு நாளாகிறது. இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீலக்கல் மோசடியில் போனது 28,000 பாத் (தாய்லாந்துப் பணம்). என் வங்கிக் கணக்கில் 72,400 ரூபாய் கழிந்திருக்கிறது.

டோக்கியோவிலிருந்து சென்னை திரும்பும் வழி. அதிகாலை பாங்காக்கில் இறங்கினால் இரவு பத்து மணிக்கு மேல்தான் அடுத்த விமானம். பெட்டியை விமான நிலையத்திலேயே காசு கட்டி வைத்துவிட்டு, ரயிலில் மக்கசான் வந்து, மெட்ரோ மாறி சனாம் சாயில் இறங்கினேன். எல்லாம் நானே விசாரித்துச் செய்தது. ஒரு பாத் வீணாகவில்லை. அந்தத் தெம்புதான் கெடுத்தது.

வாட் போ கோயிலைத் தாண்டினால், எல்லோரும் பார்க்கப் போகும் ராஜா அரண்மனையின் (கிராண்ட் பேலஸ்) வெள்ளை மதில். மணி ஒன்பதரைதான், அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மதிலில் வந்த முதல் வாசல் சாத்தியிருந்தது. பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர். "இன்று பிக்குகளின் பூஜை. வெளிநாட்டுக்காரர்களை ஒரு மணிக்கு மேல்தான் விடுவார்கள்" என்றார். கதவும் சாத்தித்தானே இருக்கிறது, நம்பிவிட்டேன். நம்மைப் போன்றவர்கள் நுழையும் வாசல் வடக்குப் பக்கம் நா பிரா லான் சாலையில் இருக்கிறது, அது காலை எட்டரைக்கே திறந்துவிடும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

என் வரைபடத்தில் மூன்று இடங்களை அவரே வட்டம் போட்டுக் கொடுத்து, அந்த ஊர் ஆட்டோவான டுக்டுக் ஒன்றையும் கைதட்டி நிறுத்தினார். மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாத். நம்மூரில் அடுத்த தெருவுக்குக்கூட அந்தக் காசுக்கு ஆட்டோ வராது. எனக்கு அது உறைக்கவில்லை.

முதலில் வாட் இந்தரவிஹானில் 32 மீட்டர் உயர நின்ற கோலப் புத்தர். நிஜமாகவே அழகு. அடுத்தது கூட்டமே இல்லாத ஒரு சின்னக் கோயில். அங்கே ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவராக ஒன்றும் விற்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும், "சீலோம் சாலையில் உங்கள் மாரியம்மன் கோயில் இருக்கிறதே, என் மனைவி மாலை வாங்கிப் போவாள்" என்றார். முன்பின் தெரியாத ஊரில் ஒருவர் வாயில் மாரியம்மன் பெயர். அங்கேயே விழுந்துவிட்டேன். அந்தக் கோயிலைத் தமிழர்கள்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டினார்கள், தாய்லாந்து மக்களும் கும்பிடப் போவார்கள் என்பது உண்மைதான். உண்மையை வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

பேச்சோடு பேச்சாக, அரசாங்கமே வரி இல்லாமல் நீலக்கல் விற்பதாகவும் இன்றுதான் கடைசி நாள் என்றும் சொன்னார். மகனின் வெளிநாட்டுப் படிப்புச் செலவே இப்படிக் கல் வாங்கி விற்றுத்தானாம். என் தம்பிக்கு ஏழரை நடக்கிறது, ஜோசியர் நீலம் போடச் சொல்லியிருக்கிறார். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எனக்குள் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன், ஆத்தாளே வழிகாட்டுகிறாள் என்று! டுக்டுக்கின் மூன்றாவது நிறுத்தமே அந்தக் கடைதான் என்பதில்கூடச் சந்தேகம் வரவில்லை.

உள்ளே ஏசி, குளிர்ந்த ஜூஸ், சான்றிதழ். 35,000-இல் ஆரம்பித்த அம்மணி 28,000-க்கு இறங்கி வந்தார். பேரம் பேசி ஜெயித்த சந்தோஷத்தில் கார்டைத் தேய்த்தேன்.

அரண்மனை வாசலில் நான் கொண்டுவந்து விடப்பட்டபோது மணி மூன்று நாற்பது. மூன்றரைக்கே டிக்கெட் நிறுத்திவிடுவார்கள். இரவு விமான நிலையத்தில் உட்கார்ந்து சும்மா தேடிப் பார்த்தால், இதே கதை, இதே பூஜை, இதே கடைசி நாள், பல வருடங்களாகப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். வயிற்றைக் கலக்கிவிட்டது.

உடனே கடைக்குப் போன் செய்தேன். முதலாளி கிளம்பிவிட்டார், நாளைக்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். மறுநாள் கூப்பிட்டால், பத்து நாளுக்குள் ரசீதோடு நேரில் வந்தால் முப்பது சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம் என்றார்கள். கல்லைத் தபாலில் அனுப்பட்டுமா என்றேன். நேரில்தான். அதற்கு மேல் என் செய்திகளைப் படிக்கிறார்கள், பதில் மட்டும் இல்லை. வங்கியில் போய் நின்றால், "பின் நம்பர் நீங்கதானே சார் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார் அந்தப் பெண்.

தெரிந்த நகைக்கடைக்காரரிடம் காட்டினேன். "கல்லு நெசம்தான் தம்பி. நெறம் ஏத்துனது. ஏழாயிரம் தரலாம்." கல் நிஜம் என்பதால் போலி விற்றார்கள் என்று புகாரும் கொடுக்க முடியாது. 72,400 எங்கே, 7,000 எங்கே!

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அரண்மனை மூடியிருக்கிறது என்று தெருவில் யார் சொன்னாலும் மதிலைச் சுற்றி நடந்து வடக்கு வாசலுக்கே போய்க் கேளுங்கள். 20 பாத் டுக்டுக்கில் ஏறாதீர்கள். கல் வாங்கவே வாங்காதீர்கள். அங்கே இருக்கும்போதே சந்தேகம் வந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஊர் திரும்பிவிட்டால் பணத்தை மீட்பது கஷ்டம்.

அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை. மோதிரம் செய்யக் கொடுக்க நல்ல சனிக்கிழமை எது என்று காலண்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.