தேயிலை உலர்த்திக்கு அஸ்பென் பிளஸ்ஸா, டிடபிள்யூசிம்மா?

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், விறகுச் செலவை எங்கே குறைக்கலாம் என்று பார்க்க உலர்த்தியைக் கணினியில் ஒப்புருவாக்கினேன். ஆலைச் செயல்முறைகளை ஒப்புருவாக்கும் அஸ்பென் பிளஸ், டிடபிள்யூசிம் ஆகிய இரண்டு மென்பொருள்களையும் எடைபோட்டு டிடபிள்யூசிம்மை எடுத்தேன்.

விலை எல்லோரும் அறிந்ததுதான். அஸ்பென் பிளஸ் உரிமக் கட்டணத்தில் ஓடுவது. டிடபிள்யூசிம் இலவசம், மூலநிரலும் திறந்தது.

திண்மப் பொருள்களைக் கையாள்வதில் அஸ்பென் பிளஸ்தான் மேல். 1970களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அது உருவானபோதே நிலக்கரி போன்றவற்றைக் கணக்கிடுவது அதன் நோக்கங்களில் ஒன்று. உலர்த்திக்கென்றே அதில் தனி அலகு உண்டு. டிடபிள்யூசிம்மில் அந்த அலகை நானே பைதான் நிரலாக எழுதினேன். மூன்று மாலைகள் பிடித்தன.

பிறகு பலன் கிடைத்தது அந்த நிரலால்தான். உலர்த்தியின் கணக்கு ஒவ்வொரு நாளும் மாறும். 3 வீத ஈரப்பதனுடன் 100 கிலோ தேயிலை இறங்க, 55 வீத ஈரத்துடன் வரும் தூளிலிருந்து (வாட்டி உருட்டிய, இன்னும் உலராத கொழுந்து) ஏறக்குறைய 116 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதே தூள் 50 வீதத்தில் வந்தால் 94 கிலோ போதும். கொழுந்தை ஈரம் குறைய இன்னும் கொஞ்சம் நன்றாக வாட்டினால், உலர்த்திக்குச் சூடு தரும் விறகுப் போறணையின் சுமை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது! மழை நாளில் வாட்டம் சரிவராது. அப்போது கணக்கை அங்கேயே, அன்றே திருத்த வேண்டும். உரிமம் முடிந்தால் கோப்பு கையில் இருந்தும் ஓடாத மென்பொருளை நம்பி, இருபது வருடம் உழைக்கப்போகும் உலர்த்தியின் கணக்கை எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வேறிடம் போனாலும் நிரலின் ஒவ்வொரு வரியையும் அடுத்தவர் திறந்து படிக்கலாம், மாற்றலாம். எனக்கு இதுவே தீர்மானித்தது.

எதில் செய்தாலும் ஓர் எச்சரிக்கை: அமுக்கத்தைக் கடல்மட்டத்து 101,325 பாஸ்கலிலேயே விட்டுவிடாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்றின் அடர்த்தியும் அதற்கேற்பக் குறைவதால், விசிறி தள்ளும் காற்றின் எடை பிழையாக வரும்.

காய்ச்சி வடிக்கும் கோபுரங்கள், பெரிய இரசாயன ஆலைகள் என்றால் என் தீர்ப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் உலர்த்தியோடு நின்றுவிடுகிறது.

போன வாரம், தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிடாமலே கோப்பைத் திறந்து, 55ஐ 52 ஆக்கிப் பார்த்திருக்கிறார். 102 கிலோ என்று விடை வந்ததாம். "தம்பி, அப்போ ராவு வாட்டத்தை இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டிப் பார்ப்போமா?" என்று கேட்டார்.