சாசன் கிர் சஃபாரி: காட்டுக்கே போங்கள்

குஜராத்தின் சாசன் கிரில் சிங்கம் பார்க்க இரண்டு வழி. ஒன்று காட்டுக்குள் போகும் ஜிப்சி ஜீப். இன்னொன்று வேலி போட்ட தேவாலியா பூங்கா, பஸ்ஸில் சுற்றிக் காட்டுவார்கள். அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் முதலில் தேவாலியா. சிங்கம் தென்பட்டது, சரி. ஆனால் வண்டலூர் போய்வந்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் அம்மாவே ஜிப்சியில் ஏறிவிட்டார். இலை உதிர்ந்த தேக்கங்காடு, கண்ணுக்கு எட்டிய வரை புழுதி நிறம். வெகுநேரம் புள்ளிமான், மயில், மறுபடி புள்ளிமான். திடீரென்று மான்கள் கத்த, கைடு வண்டியை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் தள்ளிப் பாதையோரத்தில் ஒரு பெண் சிங்கமும் வளர்ந்த குட்டிகளும். வயிற்றோரம் தொங்கும் தோல் மடிப்பைக் காட்டி, ஆப்பிரிக்கச் சிங்கத்திடம் இது அபூர்வம் என்றார். மதுரை சௌராஷ்டிரக்காரியான அம்மா அவரிடம் வீட்டுப் பேச்சிலேயே கேள்வி கேட்க, பாதி புரிந்து சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

கைடு எருமை மேய்க்கும் மால்தாரி குடும்பத்துக்காரர். சிங்கம் எருமையை அடித்தால் அரசு பணம் தருமாம், நல்ல கறவைக்கு அது கட்டாது என்றார். ஆனாலும் சிங்கத்தின் மேல் கோபமில்லை. 2020இல் 674 ஆக இருந்தவை 2025 கணக்கெடுப்பில் 891. பாதிக்கு மேல் கிர் சரணாலயத்துக்கு வெளியே, வயல்களிலும் கடலோரத்திலும் திரிகின்றன. திறந்த கிணறுகளில் விழுந்து சாகாமல் இருக்கச் சுற்றுச்சுவர் கட்டுகிறார்கள்.

எனக்குப் பயம் வேறு. ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது உலகத்திலேயே இந்த ஒரு வட்டாரத்தில்தான். 2018இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி, சில வாரங்களில் 20க்கும் மேல் செத்தன. கொஞ்சத்தை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டது. குனோவுக்கு 2022இல் போய்ச் சேர்ந்தது நமீபியாச் சிவிங்கிப்புலி (சீட்டா). சிங்கம் இன்னும் போகவில்லை.

பெர்மிட்டை வனத்துறை இணையதளத்தில் நீங்களே எடுங்கள். நாங்கள் ஒரு ஏஜென்ட்டிடம் இரட்டிப்பாக அழுதோம். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை காட்டு சஃபாரி கிடையாது. டிசம்பரில் காலை வண்டி என்றால் ஸ்வெட்டர் கட்டாயம், திறந்த ஜிப்சியில் குளிர் பின்னி எடுக்கும்.